வைக்கோல் கன்று

தண்டையார்பேட்டைக் கொட்டிலில் அப்போது அறுபது எருமைகள். ஒன்று புரண்டு படுத்தால் பக்கத்து எருமை எழுந்துகொள்ள வேண்டும், அவ்வளவு நெருக்கடி. எல்லாவற்றுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி. அறுபதில் மூன்று எருமைகள் மங்கையுடையவை. அவளும் புருஷன் அப்பாவுவும் அந்த மூன்று மடிகளை நம்பித்தான் பிழைத்தார்கள்.

1951 மாசியில் அவளுடைய இளங்கன்று ஒன்று திடீரென்று சுருண்டு விழுந்து செத்தது. மூக்கில் கறுப்பாக ரத்தம். அடைப்பான் நோய் என்று பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடைப்பான் மனுஷனுக்கும் தொற்றும், அதில் செத்ததைக் கீறாமல் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும் என்று மாட்டு டாக்டர் போன வருஷமே தொண்டை வறளச் சொல்லியிருந்தார். சொல்லிவிட்டுப் போக அவருக்கென்ன! கன்று எதிரே நிற்காவிட்டால் தாய் எருமை பாலை இறக்காது. தோலை உரித்து, வைக்கோல் திணித்து நிறுத்தினால் நக்கிக்கொண்டே சுரக்கும். கொட்டிலில் எல்லோரும் செய்வதுதான். வெளியே தெரிந்தால் கொட்டிலையே பூட்டிவிடுவார்களோ என்ற பயம் வேறு.

"உரிச்சிடுயா, யாருக்கும் தெரியாது" என்றாள்.

அப்பாவு பெண்டாட்டி பேச்சைத் தட்டாத மனுஷன். உரித்தான்.

நாலாம் நாள் அவன் முன்கையில் ஒரு கொப்புளம். அது கரியாய்க் கறுத்தது, கை வீங்கியது. "வலியே இல்ல மே, இன்னாத்துக்கு பேஜாரு?" என்று சிரித்தான். மங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

"எப்படி வந்தது?" என்று டாக்டர் கேட்டார்.

அப்பாவு அவள் முகத்தைப் பார்த்தான். "ஆணி கிழிச்சிடுச்சி சார்."

பக்கத்திலேயே நின்றாள் பாவி. ஒரு வார்த்தை சொல்லவில்லை. களிம்பு தடவிக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

அதிலிருந்து மூன்றாம் நாள் வீக்கம் கழுத்துக்கு ஏறி, அவனுக்கு மூச்சு இழுத்தது. அதே காலையில் தாய் எருமையும் செத்து விழுந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் புருஷனை ரிக்‌ஷாவில் ஏற்றினாள். "அடப்பான் சார்! கன்னு தோல உரிச்சாரு, நாந்தான் உரிக்கச் சொன்னேன்" என்று டாக்டர் காலில் விழுந்து கதறினாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா பென்சிலின் போட்டுக் காப்பாத்தியிருக்கலாமேம்மா" என்றார் அவர். அப்போதும் ஊசி போட்டார்கள். சாயங்காலம் அப்பாவு போய்விட்டான்.

மறுநாள் துக்கம் கேட்க ரஷீது பாய் வந்தார். கொட்டிலில் அவருடைய எருமைகள் மங்கையுடையவற்றை ஒட்டித்தான் நின்றன. "இன்னாமா தங்கச்சி, நம்ம நேரம் இப்டி கீது. நேத்து என் கன்னும் செத்துப் பூட்ச்சி" என்றார்.

மங்கை பதறி எழுந்தாள். "பாய், அது அடப்பான்! என் கன்னும் அதுலதான் செத்துது, நான் மறச்சிட்டேன். தோல உரிச்சிடாதீங்க!"

ரஷீது தன் கைகளைக் குனிந்து பார்த்தார்.

"காலைலியே உரிச்சிட்டனேமா."