சுவர் தாண்டிய ஒயர்

அன்று வீட்டில் நானும் அம்மாவும், பழுது பார்க்க வந்த டெலிபோன் லைன்மேனும் இருந்தோம். அப்பா வேலைக்குப் போயிருந்தார். ஒரு வேலைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். போன் லைனிலேயே வரும் பிராட்பேண்டோ நினைத்தபோதெல்லாம் அறுந்தது. சந்தாபுராவில் எங்கள் வீட்டுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பி வெகுதூரம் வரவேண்டும். அதனால்தான் என்று நினைத்தால், சில நேரம் மோடம் விளக்கு மணிக்கணக்கில் அசையாமல் எரிந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

லைன்மேன், "போன் அடிச்சா நெட் கட் ஆகுதா?" என்றார்.

"போனே அடிக்கலையே சார்."

"நீதானே படிக்கணும்னு மணிய நிறுத்தி வெச்சிருக்க," என்றார் அம்மா. "பக்கத்து வீட்ல அடிச்சிக்கிட்டுதான் இருக்கு."

பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் துபாயில் இருந்தார். அவர் பேசுவதற்காக அப்பா எங்கள் லைனிலிருந்தே சுவர் தாண்டி ஒயர் இழுத்து, அங்கேயும் ஒரு போன் வைத்துக் கொடுத்திருந்தார்.

"ஏனம்மா, நீங்களே எக்ஸ்சேஞ்ச் நடத்துறீங்களா? அந்த ஒயரை கட் பண்ணிடறேன்."

"வேணாம்பா. அவ அந்த போனுக்குத்தான் காத்துக் கெடக்கா."

 லைன்மேன் யோசித்து, பையிலிருந்து தீப்பெட்டி அளவில், போன் மணி இன்டர்நெட்டைக் கெடுக்காமல் தடுக்கும் ஒரு ஃபில்டரை எடுத்து அக்கா வீட்டுப் போனில் மாட்டினார். அன்று மாலை அந்தப் போன் அடித்துக்கொண்டிருக்கும்போதே என் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. ஃபில்டருக்கு ஆன செலவு எண்பது ரூபாய்.