கத்தம் முடித்த நாவல்

அந்த வாரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது, ஒரு நாவல் துண்டு துண்டாகப் பாயில் கிடந்த காட்சிதான். சாச்சி வீட்டு முன் ஹால். பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்த கையோடு வந்த பெண்கள் சுவரோரமாக வட்டமாய் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் சாச்சி, அதாவது என் உம்மாவின் தங்கை, ஒவ்வொரு துண்டாக எடுத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கத்தரிக்கோல் கிடந்தது. நூலகத்துப் புத்தகம் அது. என் பொறுப்பில் நான் கொண்டுவந்தது. முதுகுத் தையல் ஏற்கெனவே விட்டிருந்தது உண்மை. அதற்காக மிச்சத் தையலையும் வெட்டி விடுவதா? குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நான் வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. என்ன செய்கிறீர்கள் என்று பதறிப்போய்க் கேட்டால், "ஆளுக்கொரு பாகம் வேணுமே புள்ள" என்றார், ஏதோ நான்தான் விளங்காத கேள்வி கேட்டதுபோல.

எங்கள் ஊரில் கத்தம் ஓதுவது தெரிந்தவர்களுக்குச் சாச்சியின் தலை எப்படி வேலை செய்தது என்று சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குர்ஆனில் முப்பது பாகங்கள். அவற்றைத் தனித்தனி மெல்லிய புத்தகங்களாகக் கட்டி ஒரு பெட்டியில் வைத்திருப்பார்கள். இழவு விழுந்த மௌத்து வீடு, புது வீடு, நோன்பு மாதம் என்று எதுவானாலும் பெட்டி வந்துவிடும். வந்த பெண்கள் ஆளுக்கொரு பாகத்தை எடுத்து ஒரே நேரத்தில் ஓதுவார்கள். ஒரு பொழுதுக்குள் முழுக் குர்ஆனும் ஓதி முடிந்துவிடும். யார் எந்தப் பாகத்தை ஓதினார் என்று யாரும் கேட்பதில்லை. முழு நன்மையும் எல்லாருக்கும் சேரும். பல்லேபொல பக்கத்தில் எங்கள் சின்ன ஊருக்கு அந்தப் பெட்டியைக் காத்து வருபவர் என் சாச்சி. ஒரு புத்தகத்தைப் பத்துப் பேர் சேர்ந்து ஒரு வாரத்துக்குள் முடிக்கவேண்டும் என்று நான் போய்ச் சொன்னால் அவர் வேறு என்னத்தைச் செய்வார்?

நான் அப்போது நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்த புதிது. வாசிப்பு மாதம் என்று நூலகர் மெடம் பெண்களுக்காக ஒரு வார வாசிப்புச் சவால் வைத்தார். குழுவாக ஒரு கதைப் புத்தகத்தை வாசித்து, சனிக்கிழமை நூலகத்துக்கு வந்து எல்லாரும் சேர்ந்து கதையைச் சொல்லவேண்டும். மெடம் எல்கடுவ தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அங்குள்ள லயக் குடியிருப்புப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டியே நிறையப் பேரை நூலகத்துக்குள் இழுத்துவந்தவர். எங்கள் ஊர்ப் பெண்களை இழுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அட்டை கிழிந்து தலைப்பே போய்விட்ட அந்தப் பழைய நாவலைத் தெரிந்தெடுத்ததும் சாச்சிதான். எழுத்து பெரிதாக இருக்கிறதாம், கண்ணாடி தேடத் தேவையில்லையாம். இலக்கிய ரசனை அவ்வளவுதான்.

பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்வதற்குள் முடித்துவிட்டார்கள். உதடு அசைய, தலை ஆட, பத்துப் பேரும் ஒரே நேரத்தில் வாசித்தார்கள். கடைசியாக முடித்தவரும் நிமிர்ந்ததும் சாச்சி கையைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சிச்சு. மெடத்துக்கு செல்லிடு" என்றார். ஒரு வாரச் சவாலை ஒரே பின்னேரத்தில் முடித்துவிட்ட பெருமை எல்லார் முகத்திலும் தெரிந்தது. ஒருவருக்குக் கதையின் தொடக்கம் தெரியும், இன்னொருவருக்கு ஒரு கல்யாணம் தெரியும், மாப்பிள்ளை யாரென்று தெரியாது. என் அண்டை வீட்டு மாமி வாசித்த பாகம் முழுக்க யாரோ ஒரு கிழவன் சாகக் கிடக்கிறான். அவன் யார் என்று கேட்டால், "யாரா இருந்தா என்ன, பாவம்" என்றார். அடுத்த நாள் இதை மெடத்திடம் சொன்னேன். அவர் முதலில் வெட்டுப்பட்ட புத்தகத்துக்காக என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "சரிங்க, இன்னும் நாள் இருக்கு. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கட்டும். எப்படியாவது கதை ஒண்ணு சேரட்டும்" என்றார்.

இங்கே நான் சாச்சாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாச்சியின் கணவர். குவைத்துக்குப் போனவர், சில வருஷம் ஒழுங்காகக் காசும் டெலிபோன் கோலும் வந்தது, பிறகு இரண்டும் நின்றது. அங்கே இன்னொரு குடும்பம் என்று ஊரெல்லாம் பேச்சு. தலாக்கும் சொல்லவில்லை, தகவலும் இல்லை. பிள்ளை குட்டியும் இல்லாத சாச்சி, வீட்டுத் தோட்டத்து மிளகையும் கராம்பையும் காயவைத்து, பலாபத்வல கடைகளுக்குக் கொண்டுபோய் விற்று, யாரிடமும் கை நீட்டாமல் இருந்தார். அப்படி இருக்கும்போதுதான் அந்த மனிதர் நாட்டுக்குத் திரும்பி, குருநாகல் பக்கம் தன் தங்கை வீட்டில் இருந்துகொண்டு பள்ளிவாசல் நிர்வாகத்தார் மூலம் சொல்லியனுப்பினார்: செய்தது பிழை, மன்னித்து ஏற்றுக்கொண்டால் வீட்டுக்கு வருகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குள் பதில் சொல்வதாகச் சாச்சி தவணை கேட்டிருந்தார். வாசிப்புச் சவாலும் அதே வாரம். ஆமோ இல்லையோ, அந்த ஒரு பதில்தான் அவருடைய மிச்ச வாழ்க்கை. ஊருக்கே அது தெரியும், ஆனால் அவர் முன்னால் யாரும் வாய் திறக்கவில்லை.

அல்லாஹ்வின் ஏற்பாடோ என்னவோ, அந்த நாவலில் சாச்சிக்கு வந்த பாகம் எங்கே முடிந்தது தெரியுமா? விட்டுப்போன புருஷன் பல வருஷம் கழித்துத் திரும்பி வந்து, மழையில் நனைந்துகொண்டு, பெண்சாதி வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டுகிறான். அத்தோடு துண்டு முடிந்தது. அடுத்த துண்டு உம்மாவிடம் இருந்தது.

அந்த நாட்களில் பெண்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்க் கதை சேர்த்தார்கள். கிணற்றடியிலும் வேலியோரத்திலும் அதே பேச்சுத்தான். சாகக் கிடந்த கிழவன் மாப்பிள்ளையின் வாப்பா என்று கண்டுபிடித்ததும் அண்டை வீட்டு மாமிக்கு இன்னும் கவலையாகிவிட்டது. எனக்கோ கதை கூடக் கூடக் குழப்பம்தான் கூடியது. ஒவ்வொருவரும் தன் பாகத்தில் வந்த ஆளுக்காக வழக்காடினார்கள். கதவைத் தட்டியவனைப் பற்றி மட்டும் எவரும் பேசவில்லை. அந்த இடம் வந்தால் கொஞ்சம் இருமுவார்கள், பிறகு வேறு பாகத்துக்குத் தாவுவார்கள்.

வியாழக்கிழமை பின்னேரம் சாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார். உம்மா பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். சாச்சியும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கை உரிக்கத் தொடங்கினார். பிறகு சாச்சி தலையை நிமிர்த்தாமலே தன் அக்காவிடம் கேட்டார்: "ராத்தா, அந்தப் பொம்புள கதவத் தொறந்தாவா?"

உம்மாவின் கை நின்றது. சாச்சியின் முகத்தைப் பார்த்தார். "தொறந்தா. தொறந்து, துடைக்கத் துணி குடுத்து, சோறும் போட்டா" என்றார்.

சாச்சி தலையாட்டினார். மிச்சக் கொட்டைகளையும் உரித்துவிட்டுத்தான் எழுந்து போனார். மறுநாள் ஜும்ஆவுக்கு முன்பே அவர் பதில் பள்ளிக்குப் போய்விட்டது: வரச் சொல்லுங்க. அன்று பின்னேரமே ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. ஒரே ஒரு பையோடு சாச்சா இறங்கினார். நான் சின்ன வயதில் கண்ட ஆள் இல்லை, முடியெல்லாம் நரைத்து, தோள் இறங்கி, எங்கே செருப்பைக் கழற்றுவது என்று தெரியாமல் நின்றார். எனக்கு அவர்மேல் ஆத்திரமாகத்தான் வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது, அதனால் ஆத்திரம் இன்னும் கூடியது.

சனிக்கிழமை நூலகத்துக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள். உம்மா தலைவலி என்று படுத்துவிட்டார். ஒவ்வொருவராக எழுந்து தன் பாகத்தைச் சொல்லச் சொல்ல, மெடம் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சாச்சி நிதானமாக அந்த மழையையும் கதவையும் சொல்லி முடித்து உட்கார்ந்தார். அடுத்ததைச் சொல்ல ஆள் இல்லை. அதற்கடுத்த பாகக்காரி எழுந்து, அந்தப் பெண் வயலைக் குத்தகைக்கு எடுத்துத் தனியாக வெள்ளாமை செய்கிற கதையைத் தொடங்கினாள். புருஷன் எங்கே? சபையில் சலசலப்பு. அவன் மௌத்தாகியிருப்பான், மழையில் நனைந்து காய்ச்சல் வந்திருக்கும் என்று அண்டை வீட்டு மாமி தீர்ப்புச் சொன்னார். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. ஒருவர், மௌத்துக்குச் சொல்லும் இன்னாலில்லாஹியைக் கூடச் சொன்னார். சாச்சி மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பரிசு வேறு குழுவுக்குப் போனது. எங்களுக்கு ஒரு பாராட்டுச் சொல்லும், சிற்றுண்டியும்.

புத்தகத்தை வெட்டக் கொடுத்தவள் நீதானே, நீயே தைத்துக் கொடு என்று மெடம் என்னிடமே தந்துவிட்டார். தைக்கும்போதுதான் முதன்முறையாக முழுவதும் வாசித்தேன். உம்மாவின் பாகம் வந்தது. அதில் அந்தப் பெண் கதவைத் திறக்கவே இல்லை. விளக்கை அணைத்துவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, அவன் போகும்வரை மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். துணியும் இல்லை, சோறும் இல்லை. பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், ஏதாவது தாள் விடுபட்டதோ என்று. விடுபடவில்லை. என் உம்மா, மிளகு நிறுக்கும்போது தராசு தன் பக்கம் சாய்ந்தால் பொறுக்காத உம்மா, சொந்தத் தங்கையிடம் பொய் சொல்லியிருக்கிறார். அந்தப் பொய்யை நம்பிச் சாச்சி கதவைத் திறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

பொறுக்கமுடியாமல் சாச்சியிடம் போனேன். சாச்சா உடம்புக்கு நல்லதென்று நடக்கப் போயிருந்தார். சுற்றி வளைத்துச் சொல்லத் தொடங்கியதுமே சாச்சி கையமர்த்தினார். "வெட்டினது நான். பார்க்காம வெட்டுவேனா? நீ புத்தகத்தக் கொண்டாந்து வச்ச ராவே அந்தப் பாகத்த நான் வாசிச்சிட்டுத்தான் ராத்தாட கையில குடுத்த" என்றார். வேண்டுமென்றேதான் கொடுத்தாராம். தன் வாயால் கேட்டால் ராத்தா பதில் சொல்லமாட்டார், உன் வாழ்க்கை உன் விருப்பம் என்று ஒதுங்கிவிடுவார். கதை என்றால் சொல்லுவார் அல்லவா? அப்படித்தான் கேட்டிருக்கிறார். சாச்சாவை ஏற்க உங்களுக்கு விருப்பம் இருந்ததா என்று கேட்டேன். மிளகைப் புடைத்தபடியே சொன்னார்: "எனக்கு அந்த மனுசன் வேணாம். ஆனா ராத்தா பொய் பேசினவ இல்ல. எனக்காக ஒண்டு பேசினாண்டா, நான் தனிச்சிப் போயிடுவேண்டு எவ்வளவு பயந்தீக்கணும். அந்தப் பயத்தோட அவள விட ஏலுமா?" இதை உம்மாவிடம் சொல்லக்கூடாது என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கு நான் கதை விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த நோன்பு மாதம், உம்மா விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்குப் பிறகு மனம் விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஏன் உம்மா அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேவிட்டேன். உம்மா மறுக்கவில்லை. அந்த மனிதன் வீட்டுப் படி ஏறுவதே தனக்குப் பிடிக்கவில்லை என்றார். அவன் முகத்தில் விழிப்பதற்கே இன்றுவரை வயிறு எரிகிறதாம். பிறகு எதற்கு? "அவ ஹாலுக்குப் புதுச் சீலை போட்டீந்தா, கண்டியா? அவர் வாறதுக்குத்தான். ஆச இல்லாட்டி போடுவாளா? அவ ஆசைக்கு நான் குறுக்க நிக்கவா புள்ள?" என்றார். அந்த ஜன்னல் திரைச்சீலையை நான் மறந்தே போயிருந்தேன். அதைத் தொங்கவிட உதவியது நானேதான். வாசிக்க வரும் பெண்களுக்கு முன்னால் பழைய சீலை வேண்டாம் என்று சாச்சி கடையிலிருந்து வாங்கிவந்தது அது. இதை உம்மாவிடம் சொல்லத் தொண்டை வரை வந்தது. சொல்லி என்ன செய்ய? சாச்சா வந்து அப்போது ஒரு வருஷம் ஆக இருந்தது. உம்மாவும் தன் பங்குக்கு, இதைத் தங்கையிடம் மூச்சு விடாதே என்றார்.

யார் சரி, யார் பிழை என்று நான் பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒரு முடிவுக்கும் வரமுடியவில்லை. சாச்சா கெட்டவராகவும் இல்லை. தோட்டத்தில் புல் வெட்டுகிறார், சாச்சிக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி காய்ச்சுகிறார், தேத்தண்ணியில் சீனி போதாது என்று முணுமுணுக்கிறார். சாச்சி அவருக்குச் சோறு போடுகிறார், ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. சேர்ந்து சிரித்து நான் கண்டதுமில்லை. இருவரும் பழகிவிட்டார்கள் என்று சில நாள் தோன்றும். அடுத்த நாள் போனால், சாச்சி மிளகுப் பாயருகே தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, என்ன பாவம் இது என்று தோன்றும். மெடத்திடம் யாருடைய கதை என்று சொல்லாமல் ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். அவருக்கும் விளங்கவில்லை.

இப்போது உம்மாவுக்கு முழங்கால் வலி, மேட்டில் இருக்கும் சாச்சி வீட்டுக்கு நடக்கமுடியாது. வெள்ளிக்கிழமைகளில் நான்தான் உம்மா சமைத்ததில் ஒரு கோப்பை கொண்டுபோகிறேன். போன வாரமும் போனேன். கோப்பையைக் கழுவித் தரும்போது சாச்சி வாசல்வரை வந்து, மெதுவாக, வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டார்: "நான் இப்பிடி இருக்கிறதுல ராத்தாக்கு நிம்மதிதானே?"

"நிம்மதிதான் சாச்சி" என்றேன்.

வீட்டுக்கு வந்து கோப்பையை வைக்குமுன்பே உம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "அவ ஆசப்பட்ட மாதிரியே சந்தோஷமா ஈக்காளா?" என்று கேட்டார்.

"ஓம் உம்மா" என்றேன்.