மிளகு பறிக்கப் போய்விடுவாள் என்றேன்

பாலிடெக்னிக்கில் உற்பத்திப் பொறியியல் கற்பித்து ஓய்வு பெற்று, சேந்தமங்கலத்தில் வசிக்கிறேன். கொல்லிமலையில் குண்டனி நாடு என்ற ஊரைச் சேர்ந்த செல்வி என் மாணவி. டிப்ளமோ முடித்ததும் கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலைக்கு விண்ணப்பித்தாள். தன்னைப் பற்றி விசாரிக்க என் பெயரைக் கொடுத்திருந்தாள்.

தொழிற்சாலையிலிருந்து பேசியவர், "நிலைச்சு வேலை பார்ப்பாங்களா சார்?" என்று கேட்டார்.

"கெட்டிக்காரிதான். ஆனா மலைக்காரங்க பாருங்க, மிளகு பறிப்பு வந்தா கெளம்பிடுவாங்க" என்று சிரித்தேன். அவள் வேலை வேறொருவருக்குப் போனது.

தொழிற்சாலையில் காரணத்தைக் கேட்டறிந்து, செல்வியும் அவள் அப்பாவும் என் வீட்டுக்கு வந்தார்கள். நாற்காலியைக் காட்டினேன், இருவரும் உட்காரவில்லை.

"ஏனுங்க வாத்தியாரே, எங்கூட்டு மிளகைப் பறிக்க எங்களுக்குக் கை இல்லீங்களா?" என்றார் அவர்.

"பேச்சுவாக்குல சொல்லிட்டேங்க."

"உங்க பேச்சுக்கு எம்புள்ள பொழப்புதான் கெடச்சுதுங்களா?"

செல்வி கேட்டாள்: "படிச்ச மூணு வருசத்துல மிளகு பறிக்க நான் எப்ப சார் லீவு போட்டேன்? ஒரு நாளைச் சொல்லுங்க."

அப்படி ஒரு நாளும் இல்லை. அவர்கள் எதிரிலேயே தொழிற்சாலைக்குப் போன் செய்து, நான் சொன்னது தவறு என்றேன். ஆள் எடுத்தாகிவிட்டது என்றார்கள்.

"வாங்கப்பா, இந்தாளுகிட்ட என்ன பேச்சு" என்று அவள் வெளியேறினாள்.

இப்போது யார் விசாரித்தாலும், அந்த மாணவரிடம் நான் நேரில் கண்டதை மட்டுமே சொல்கிறேன். ஊரைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்கிறேன். செல்வியைப் பற்றி மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. அவள் தன் விண்ணப்பங்களிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டாள்.