நெளிந்த எழுத்துகள்

"பட்டன், பட்டன், படம்" என்று சாத்திய கதவுக்குப் பின்னால் அக்காவின் கைப்பேசி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்த குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. கண் நீர் அழுத்த நோயில் பார்வை போனபின், ஆசிரியை வேலையை விட்டுவிட்டு அக்கா அருவங்காடு தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் செயலி அவளுக்கு நன்றாகப் பழகியிருந்தது. முன்பெல்லாம் நூலகத்துக்குப் போன் செய்து கேட்டால் ஒலிநூலை அனுப்பிவிடுவார்கள். புதிய இணையதளம் வந்ததும் அது நின்றுபோனது. "இனி எல்லாம் வெப்சைட்லதானுங்க" என்றார்கள்.

அந்தத் தளத்தில் என்ன நூல் வேண்டும் என்று எழுதியபின், படத்தில் நெளிந்து கிடக்கும் எழுத்துகளைப் பார்த்து அப்படியே தட்ட வேண்டும். செயலியால் அந்தப் படத்தை வாசிக்க முடியாது; 'படம்' என்று மட்டும் சொல்லும். ஒலியாகக் கேட்கவும் வழியில்லை. அந்த மழைக்காலம் முழுக்க அவள் அதோடு மல்லுக்கட்டினாள். உதவிக்கு வரட்டுமா என்றால் வேண்டாம் என்பாள். வெறும் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன்.

ஒரு மதியம் அவளே கூப்பிட்டாள். "இந்த எழுத்த மட்டும் சொல்லு கண்ணு. மேல இருக்கறதப் பாக்காத."

கண் தானாகப் போய்விட்டது. 'பார்வையற்ற பெண்கள் தனியாக வாழ்வது பற்றிய நூல்கள்' என்று எழுதியிருந்தாள். நான் தடுமாறி எழுத்துகளைச் சொல்லி முடிப்பதற்குள் தளம் கொடுத்த நேரம் கடந்து, எழுதியதெல்லாம் அழிந்துபோனது.

"பாத்துட்டியா?"

"ம்."

"உங்க ஆரு மேலயும் ஒரு கோவமும் இல்ல. தண்ணி குடிக்க எந்திரிச்சாக்கூட ஆராச்சும் டம்ளரோட வந்து நிக்கறீங்க. மூச்சு முட்டுது."

அவளுக்கு எங்கள் வீடு புகலிடம் என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

தளத்தின் குறையைச் சொல்லி அக்கா மின்னஞ்சல் அனுப்பினாள். 'குடும்பத்தினரின் உதவியைப் பெற்றுக்கொள்ளலாம்' என்று பதில் வந்தது. அதைக் கைப்பேசியில் இருமுறை வாசிக்கவைத்துக் கேட்டாள். பிறகு கைப்பேசியை அணைத்துவிட்டு, மழை ஓயாத ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

இப்போதெல்லாம் அவளே என்னைக் கூப்பிடுகிறாள். கேட்பது சமையல் நூல், இல்லாவிட்டால் பக்திக் கதை. சென்ற வாரம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "அன்னைக்குத் தேடுனியேக்கா, அந்தப் புஸ்தகம்?"

"தனியா இருக்கறது எப்படின்னு படிக்கோணும்னாலும் உன்னையத்தானே கண்ணு கூப்பிடோணும்" என்று சொல்லி, கைப்பேசியை என் பக்கம் நீட்டினாள்.