குழாய்க்காரரின் கயிறு

கரையில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாமல்தான் தையல்காரியும் அவள் கணவனும் ஆற்றில் ஒரு பழைய படகு வீட்டுக்குக் குடிவந்தார்கள். வந்த புதிதில் நடந்ததெல்லாம் வேடிக்கைதான். ஒரு காலைப் படகிலும் ஒரு காலைப் படித்துறையிலும் வைத்துக்கொண்டு யோசித்த கணவன் தொபுக்கடீரென்று விழுந்தான். பாத்திரம் கழுவிய தண்ணீரை வீசியவள் கரண்டிகளையும் சேர்த்து வீசினாள். அக்கம்பக்கத்துப் படகுக்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்; இவளும் சிரித்தாள்.

தையல் மெஷின் போனபோது மட்டும் சிரிப்பு வரவில்லை. பக்கத்துப் படகு வீட்டில் குடியிருந்த, வீடு வீடாகக் குழாய் ரிப்பேர் பார்க்கும் குழாய்க்காரர் தினமும் தன் மோட்டார் படகில் ஊரை அலறவிட்டுக்கொண்டுதான் வேலைக்குக் கிளம்புவார். அன்று அவர் கிளப்பிய அலையில் படகு சாய, வெளிச்சத்துக்காக மேல்தட்டில் வைத்திருந்த மெஷின் ஆற்றோடு போய்விட்டது. அவள் பிழைப்பே அதுதான்.

"ஆத்துல குடியிருந்துக்கிட்டு அலைக்குப் பயந்தா எப்படிம்மா? உள்ள வச்சுத் தைக்கிறதுதானே!" என்றார் அவர், நாலு பேர் முன்னால் சிரித்துக்கொண்டே.

"விடு, பக்கத்துல இருக்கிற மனுஷன்" என்றான் கணவன்.

"விடறதா? அந்தாளு கதறுறதைப் பாக்காம எனக்குச் சோறு எறங்காது."

கையாலேயே தைக்க ஆரம்பித்தாள். ஊசி குத்தும்போதெல்லாம் குழாய்க்காரருக்கு ஒரு சாபம் போனது.

கடல் பக்கம் என்பதால் அந்த ஆற்றில் தண்ணீர் ஏறி ஏறி இறங்கும். கட்டிய கயிற்றில் தளர்ச்சி இல்லையென்றால், நீர் இறங்கும்போது படகு கயிற்றில் தொங்கிக் கவிழ்ந்துவிடும். யாராவது மறந்து இறுக்கிவிட்டால், பார்த்தவர் தளர்த்திவிட வேண்டும். சண்டைக்காரன் படகானாலும் அதுதான் வழக்கம். யாரும் நன்றிகூடச் சொல்வதில்லை.

ஒருநாள் மதியம், மறுபக்கம் பெயின்ட் அடிப்பதற்காகப் படகு வீட்டைத் திருப்பிக் கட்டிய குழாய்க்காரர், தோளில் போனை இடுக்கிப் பேசிக்கொண்டே கயிற்றை இறுக்கி முடிந்துவிட்டுப் போனார். தையல்காரி பார்த்தாள். தண்ணீர் இறங்கத் தொடங்கியது. பழக்க தோஷத்தில் கை பரபரத்தது. அந்தக் கையில் ஊசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். படகு ஒருக்களித்தது. உள்ளே தட்டுகள் உருண்டன, அலமாரி சாய்ந்தது, ஜன்னல் வழியாகத் தண்ணீர் புகுந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் நிதானமாக ஒரு தையல் போட்டாள்.

குழாய்க்காரர் திரும்பியபோது பாதிப் படகு தண்ணீருக்குள் இருந்தது. நனைந்த மெத்தையைக் கட்டிக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டார்.

"நீங்க இங்கதானேம்மா இருந்தீங்க? பாக்கலையா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். கூடிவிட்ட படகுக்காரர்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"பாத்தேன். நீங்க முடிச்சுப் போட்டதுலேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

குழாய்க்காரர் கரைக்கே குடிபோய்விட்டார். மற்றவர்கள் இன்றைக்கும் அவளோடு பேசுகிறார்கள், துணி தைக்கக் கொடுக்கிறார்கள். ஆனால் அவள் படகின் கயிற்றை மட்டும் யாரும் தொடுவதில்லை. விடியற்காலையில் தண்ணீர் இறங்கும் நாட்களில் கணவனை எழுப்பினால், "பாத்துக்கிட்டு இருந்தவதானே, நீயே போய்ப் பாரு" என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறான்.

அவளே எழுந்து போகிறாள். குளிரில் விரல் விறைக்கக் கயிற்றைத் தளர்த்தும்போது பக்கத்திலுள்ள காலி இடத்தைப் பார்ப்பாள். தூக்கம் கெட்டதற்காக அழுகை வரும். செய்ததற்காக ஒருநாளும் வந்ததில்லை.