காங்கிரீட் போட்ட அன்று கபடி

1. சுனாமிக்கு அடுத்த வருடம், மரக்காணத்தில் நாங்கள் கட்டிய வீட்டின் கூரைக்கு காங்கிரீட் போட மாமியார் நல்ல நாள் பார்த்தார்.
2. அன்று மாலைதான் கூனிமேட்டில் எனக்குக் கபடி ஃபைனல். மருமகள் விளையாடுவது பிடிக்காதோ என்று அவரிடம் சொல்லவில்லை.
3. மதியம், பாதிக் கூரை போட்டிருந்தபோது கலவை மெஷின் பழுதாகி நின்றுவிட்டது.

அப்படியே பாதியில் விட்டால், பழசும் புதுசும் சேரும் இடத்தில் பின்னால் ஒழுகும். வீட்டுக்கு இன்ஜினியரே நான்தான்; விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது? என் முகத்தைப் பார்த்து, கணவர் மாமியாரிடம் கபடி விஷயத்தை உடைத்துவிட்டார்.

"ஏம்மா, முன்னாடியே சொல்லியிருந்தா நாள மாத்தியிருப்பேன்ல!" மாமியார் புடவையை இழுத்துச் செருகினார். "உப்பளத்துல கூடை தூக்கினவ நான். சட்டிய இப்படிக் குடு!"

ஆட்கள் கையாலேயே கலவை போட, வீடே வரிசையில் நின்று சட்டியைக் கைமாற்றியது. முடித்ததும் சிமென்ட் காலோடு ஓடினேன்.

ஒரு பாயிண்டில் தோற்றோம். ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக நான் ஆடியதில்லை. கூரை ஒழுகவில்லை. இப்போது எல்லா மேட்சுக்கும் மாமியார் வருகிறார். அம்பயரோடு சண்டையும் போடுகிறார்.