தராசின் காலி எடை

என் மருமகள் ஒரு மலையையே எடை போட்டவள். ஒரு ஆறும் ஒரு குளமும்கூட அவள் கணக்கில் உண்டு. சரி, கொஞ்சம் ஊதித்தான் சொல்கிறேன். மலையை அப்படியே தூக்கி வைத்துப் போடவில்லை. ஜல்லியாக உடைத்து லாரி லாரியாக வந்ததைப் போட்டாள். ஆற்றை மணலாகப் போட்டாள். குளத்தைச் சேர்த்தது பேச்சுச் சுவாரசியத்துக்காக.

அவளுக்கு வேலை லாரி எடைமேடையில். தரையோடு தரையாக ஒரு நீள இரும்பு மேடை, பக்கத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. சரக்கோடு வரும் லாரி மேடையில் ஏறி நிற்கும். இறக்கிவிட்டு வந்து வெறும் வண்டியாக மறுபடி ஏறும். முதல் எடையில் இந்தக் காலி எடையைக் கழித்தால் மிச்சம்தான் சரக்கு. வாடிக்கை வண்டிகளின் காலி எடை கணினியிலேயே இருப்பதால் அவை இரண்டாம் தடவை ஏற வேண்டியதில்லை. அவள் உள்ளே உட்கார்ந்து மைக்கில் "இன்னும் கொஞ்சம் முன்னாடி, போதும் போதும்" என்று அத்தனை பெரிய வண்டிகளையும் ஆட்டுக்குட்டிகள்போல மேய்ப்பாள். கணக்கில் ஒரு கூடை ஜல்லிகூட வழிய விடமாட்டாள். அதனால் லாரிக்காரர்கள் வைத்த பெயர் தராசு. வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

தராசுக்குப் பெண் குழந்தை பிறந்தது. விடுப்பு முடிந்து வேலைக்குக் கிளம்பிய அன்று, கம்பெனி கொடுத்த நீலச் சட்டையில் பொத்தானும் துளையும் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகளைப்போல விலகி நின்றன. பிள்ளைப்பேற்றில் ஏறியதில் பன்னிரண்டு கிலோ இறங்காமல் உட்கார்ந்திருந்தது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புருஷன் சட்டையை மாட்டிக்கொண்டு போனாள். மதியம் நான் பேத்தியைத் தூக்கிக்கொண்டு எடைமேடைக்குப் போவேன். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஒரு கையில் குழந்தை, மறு கையில் மைக் என்று அவள் பால் கொடுப்பாள்.

கெடுத்தவள் நான் பெற்ற மகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள், அண்ணியை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன அண்ணி, நீங்க பால் குடுக்கிறீங்களா, இல்ல வாங்கிக் குடிக்கிறீங்களா? பால் குடுத்தா உடம்பு தானா கரையும்பாங்க. எனக்கெல்லாம் நாலே மாசத்துல மெழுகா உருகிடுச்சு."

"உனக்கு உருகினது உடம்பு இல்லடி, மூளை," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தராசும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனதை நான் பார்த்தேன்.

அன்று முதல் அவளுக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்தது. பால் கொடுத்தால் எடை குறைய வேண்டும். குறையவில்லை. அப்படியானால் பாலில் கோளாறா, தன்னிடம் கோளாறா? சாயங்காலம் வண்டிகள் ஓய்ந்ததும் தானே எடைமேடையில் ஏறி நிற்பாளாம். அந்த மேடை இருபது இருபது கிலோவாகத்தான் பேசும். அதற்குக் கீழே அதற்குக் கண் தெரியாது. இது அவளைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்தும் ஏறினாள். கணினித் திரை தினமும் எண்பது என்றது.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், குழந்தை மாறிவிட்டாள் என்பதுதான். மார்பில் வாய் வைத்த கொஞ்ச நேரத்தில் தலையை வெடுக்கென்று திருப்பிக்கொண்டு அழுவாள். மறுபடி தேடுவாள், மறுபடி அழுவாள். தராசின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"பால் வத்திட்டு வருது அத்தை," என்றாள் ஒரு நாள், என்னைப் பார்க்காமல். "இனிமே டப்பாப் பால்தான் போல." அதைச் சொல்லும்போது குழந்தையின் காலை விடாமல் பிடித்திருந்தாள். டப்பாப் பாலில் வளர்ந்த பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் இவளுக்குக் கொடுக்க ஆசை. அந்த ஆசைதான் கைநழுவிக்கொண்டிருந்தது.

காரணத்தைச் சொன்னது எடைமேடைக் காவலாளி. மறுநாள் மதியம் குழந்தையோடு போனபோது வாசலிலேயே வழிமறித்தார். முன்பெல்லாம் ஒல்லியாக இருந்த மனிதர். இப்போது கன்னம் இரண்டும் பன்போல உப்பியிருந்தன.

"அம்மா, நேத்து உருளைக்கிழங்கு பிரமாதம். முட்டையிலதான் கொஞ்சம் மிளகு தூக்கல்."

"நான் செஞ்ச முட்டையில மிளகு தூக்கல்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பாவம், மனிதர் கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டார். மருமகளுக்கு நான் கட்டிக்கொடுத்த சாப்பாடெல்லாம் மூன்று வாரமாக யார் வயிற்றுக்குப் போயிற்று என்பதைக் கன்னம் சொல்லிவிட்டது.

அறைக்குள் போனேன். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். குழந்தையை அவள் மடியில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து வெளியே பாம் பாம் என்று ஒரே சத்தம். வந்தது ஹாரன். மூச்சு விடுவதற்குக்கூட ஹாரன் அடித்து வழி கேட்பதால் அந்தப் பெயர் வாங்கிய டிரைவர். லாரி நிறைய ஜல்லி.

"தராசு, என் பழைய காலி எடையையே போட்டு அனுப்பிடும்மா. பின்னாடி வரிசை நிக்குது."

தராசு ஜன்னல் திரையை ஓரமாக விலக்கிப் பார்த்தாள். மைக்கை எடுத்தாள்.

"ஜல்லி ஏத்துற தொட்டியை மாத்தியிருக்கீங்களேண்ணே."

"ஆமா, புதுசு. அதனால என்ன? வண்டி அதே வண்டிதானே?"

"வண்டி அதேதான். ஆனா பழைய எடை இனிமே செல்லாது. அதைப் போட்டா உங்க தொட்டி இரும்பையெல்லாம் ஜல்லின்னு எழுதணும். அது சரக்கு இல்லண்ணே, வண்டியே அதுதான். இறக்கிட்டு வந்து புதுசா ஏறுங்க."

"கொஞ்சம்தானேம்மா…"

"கொஞ்சமோ நஞ்சமோ, சுமக்கிறதுக்குன்னு சேர்த்ததை வெட்டியா ஏத்திட்டு வந்ததுன்னு எப்படிச் சொல்றது?"

சொல்லி முடித்த பிறகும் மைக் கையிலேயே இருந்தது. குனிந்து குழந்தையைப் பார்த்தாள். பிறகு தன் வயிற்றை, புருஷன் சட்டைக்குள் பிதுங்கிய இடுப்பை, யாரோ புதிதாக அறிமுகப்படுத்தியதைப்போலப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

"அத்தை," என்றாள் மெதுவாக. "இன்னிக்கு என்ன சமையல்?"

"எனக்கென்ன தெரியும்? காவலாளியைக் கேளு."

அவள் முகம் அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் தடுமாறியது. "பசிக்குது அத்தை. ரொம்பப் பசிக்குது."

மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. எடைமேடை முழுக்க ஒலிபெருக்கியில் "ரொம்பப் பசிக்குது" என்று கேட்டது. காவலாளி பாதி காலியான சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஹாரன் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "நீ சாப்பிடு தாயி, நாங்க நிக்கிறோம்," என்றார். அவருக்குப் பின்னால் நாட்டின் எல்லைவரை லாரிகள் நின்றன. ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை.

குழந்தை மார்பில் இருக்க, ரொட்டியும் உருளைக்கிழங்கும் நான் ஊட்டினேன்.

மறுநாள் சுகாதார நிலையத்து நர்ஸிடம் கூட்டிப்போனேன். குழந்தையை நிறுத்துப் பார்த்துவிட்டு அந்தப் பெண் நிதானமாகச் சொன்னாள்: "பால் குடுக்கிறதுக்கு உடம்பு நிறையத்தான் செலவு பண்ணும். அதுக்கேத்த மாதிரி பசியும் எடுக்கும். சிலருக்கு மளமளன்னு இறங்கும், சிலருக்குப் பால் நிறுத்துற வரைக்கும் அசையவே அசையாது. ரெண்டுமே கோளாறு இல்ல. நல்லா சாப்பிடுங்க, நடங்க, குழந்தை கேட்கும்போதெல்லாம் குடுங்க. பட்டினி மட்டும் வேண்டாம்."

பால் மெல்ல மெல்லத் திரும்பியது. குழந்தை குடித்துவிட்டு, உதட்டோரம் ஒரு சொட்டு வழிய, அம்மாவின் சட்டையைப் பிடித்தபடி தூங்க ஆரம்பித்தாள். காவலாளியின் கன்னம் பழையபடி ஒட்டிப்போயிற்று. என் மகள் அடுத்த தடவை வந்து வாயைத் திறப்பதற்குள், தராசே முந்திக்கொண்டு, "இது புதுத் தொட்டி நாத்தனாரே, சரக்கு இல்ல," என்றாள். மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் போதும்.

குழந்தைக்கு ஒரு வயது ஆன சமயம், ஒரு சாயங்காலம் தராசு விளையாட்டாக மேடையில் ஏறினாள். திரை அறுபது என்றது! பன்னிரண்டு கிலோவும் பறந்தே போய்விட்டது. மறுநாளே பழைய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு ராணிபோல வேலைக்குப் போனாள்.

இதுவரை எழுதியதை உரக்கப் படித்துக்காட்டினேன். பக்கத்தில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த தராசு தலையை நிமிர்த்தினாள்.

"அத்தை, அந்த மேடை இருபது இருபதாத்தான் பேசும்னு நீங்களே மேலே எழுதியிருக்கீங்க. நர்ஸோட மெஷின்ல இறங்கினது ஏழு கிலோ. மீதி அஞ்சு இங்கதான் இருக்கு, இருந்துட்டுப் போகட்டும். சட்டை நுழைஞ்சது, முந்தின நாள் நீங்க ரெண்டு பக்கமும் தையலைப் பிரிச்சு விட்டதால. அதை ஏன் எழுதல?"